மூடினால் தூங்கும், திறந்தால் எழுமா? டிரைவர்களின் மின்சிக்கன மாற்றங்களைச் சோதிக்கும் விதம்

இரவு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுப் படுக்கிறோம். காலையில் திறந்தால் திரை கறுப்பு, விசிறி மட்டும் ஓடுகிறது, எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை. கடைசியில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதாகிறது. முந்தாநாள் வரை ஒழுங்காக எழுந்த அதே இயந்திரம்தான். நடுவில் நடந்தது ஒரு கர்னல் அப்டேட், அவ்வளவுதான். (கர்னல் என்பது லினக்ஸ் இயக்குதளத்தின் மையப் பகுதி.) லினக்ஸ் வைத்திருப்பவர்களிடம் பேசினால் இந்தப் புகார் கட்டாயம் வரும்: "அப்டேட் போட்டதும் லேப்டாப் போச்சு."

லேப்டாப் போகவில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்த பத்து வரி மாற்றம் உங்கள் இயந்திரத்தில் சறுக்கியிருக்கும். (டிரைவர் என்பது வைஃபை, திரை, டிஸ்க் போன்ற ஒவ்வொரு சாதனத்தோடும் கர்னல் பேசுவதற்கான நிரல் துண்டு.) மாற்றம் செய்தவர் தன் மேசையில் இருந்த இயந்திரத்தை மூடினார், திறந்தார், எழுந்தது, அனுப்பிவிட்டார். அந்த "எழுந்தது" எவ்வளவு மெலிந்த சான்று, அதற்கு மேல் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் உறைக்கும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும் ஐப்பசி மழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பேட்டரியைக் காப்பாற்ற ஒரு நாளில் ஐந்தாறு முறை லேப்டாப்பைத் தூங்க வைத்து எழுப்புகிற ஊரில், ஐம்பதில் ஒரு தடவை எழாமல் போகிற பிழை பத்து நாளைக்கு ஒருமுறை வேலையைக் கெடுக்கும்.

தூக்கத்தில் எத்தனை வகை

"ஸ்லீப்" என்று ஒரே சொல்லில் சொல்வதை கர்னல் முக்கியமாக நான்காகப் பார்க்கிறது. இந்த வேறுபாடு புரியாவிட்டால் மேலே போக முடியாது.

1. லேசான தூக்கம். லினக்ஸில் இதன் பெயர் எஸ்2ஐடில். புரோசஸர் ஆழ்ந்த ஓய்வுக்குப் போகும், ஒவ்வொரு சாதனமும் தன்னால் முடிந்த குறைந்த மின்நிலைக்கு இறங்கும், ஆனால் இயந்திரத்தைப் பயாஸிடம், அதாவது கர்னலுக்கு முன்பே ஓடத் தொடங்கும் மதர்போர்டு நிரலிடம், ஒப்படைப்பது கிடையாது. ஒரு இன்டெரப்ட், அதாவது சாதனம் புரோசஸரைத் தட்டிக் கூப்பிடும் சிக்னல், வந்தால் உடனே விழிப்பு. விண்டோஸில் மாடர்ன் ஸ்டாண்ட்பை என்பது இதற்கு நெருங்கிய உறவு.

2. ரேமுக்குத் தூங்குவது. ஏசிபிஐ என்ற பொது விதிமுறையை 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்டன. அதில் எஸ்3 என்று சொல்லப்படும் நிலை இது. ரேமுக்கு மட்டும் மின்சாரம், மற்றவை கிட்டத்தட்ட எல்லாம் அணைந்துவிடும். விழிக்கும்போது முதலில் கண் திறப்பது பயாஸ். அது வழி விட்ட பிறகே கர்னல்.

3. டிஸ்க்குக்குத் தூங்குவது, அதாவது ஹைபர்னேட். ரேமில் இருப்பதை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுசாக அணைவது. பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் கவலை இல்லை.

4. ரன்டைம் மின்சிக்கனம். இயந்திரம் விழித்தே இருக்கும், வேலை இல்லாத சாதனம் மட்டும் கண்ணயரும். கேமராவை யாரும் திறக்காதபோது கேமரா மட்டும் தூங்குவது போல. இதற்கான பொதுச் சட்டகம் கர்னலில் 2.6.32 பதிப்போடு, 2009 டிசம்பரில் வந்தது.

சமீபத்திய லேப்டாப்புகள் பலவற்றில் எஸ்3-ஐ பயாஸிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கர்னல் தன் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் அடைவின் பவர் பகுதியில் மெம்_ஸ்லீப் என்ற கோப்பை வாசித்தால் உங்கள் இயந்திரத்தில் எவை உண்டு என்று தெரியும். சதுர அடைப்புக்குள் நிற்பது நடப்பில் இருப்பது. ஒரு டிரைவர் எஸ்3 இயந்திரத்தில் தேறிவிட்டது என்பது எஸ்2ஐடில் இயந்திரத்துக்கு எந்த உத்தரவாதமும் தராது. மறுதலையும் அப்படியே.

மூடியைச் சாத்தியதும் உள்ளே நடப்பது

முதலில் நாம் திறந்து வைத்திருக்கும் நிரல்கள் எல்லாம் உறைய வைக்கப்படுகின்றன. பிறகு சாதனங்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகின்றன, அதுவும் ஒரே வீச்சில் கிடையாது: தயாராவது, தூங்குவது, பிந்திய கட்டம், இன்டெரப்ட் அடைத்த கட்டம் என்று நான்கு படிகள். எஸ்3 என்றால் அதன்பின் ஒன்றைத் தவிர மற்ற புரோசஸர் கோர்கள் நிறுத்தப்பட்டு, கர்னலின் அடிப்படை உறுப்புகள் அடங்கி, கடைசியில் பயாஸ் கைக்குப் போகிறது. எழும்போது எல்லாம் தலைகீழ் வரிசையில்.

வரிசைதான் இதில் உயிர்நாடி. தேயிலை ஃபேக்டரியில் வேலையை நிறுத்தும்போது டிரையரின் உலையை யாரும் முதலில் அணைப்பதில்லை. புது இலை உள்ளே வருவதை நிறுத்தி, ரோலரில் இருப்பதை முடித்து, நொதித்த இலை கடைசிக் கூடை வரை காய்ந்து வெளியே வந்த பிறகே உலை அடங்கும். மறுநாள் நேர்மாறு: உலை முதலில் மூட்டப்பட்டுச் சூடேற வேண்டும், இலை பிறகு. சாதனங்களும் அப்படியே. பென்டிரைவ் முதலில் தூங்கும், அது செருகியிருக்கும் யூஎஸ்பி ஹப் அடுத்து, அதற்கும் மேலே இருக்கும் கன்ட்ரோலர் பிறகு. கன்ட்ரோலர் முந்திக்கொண்டு தூங்கிவிட்டால் பென்டிரைவிடம் "தூங்கு" என்று சொல்லக்கூட வழி இருக்காது.

சிக்கல் என்னவென்றால், வேகத்துக்காக கர்னல் பல சாதனங்களை ஒரே நேரத்தில் இணையாகத் தூங்க வைக்கிறது. அப்பா, பிள்ளை உறவு கர்னலுக்குத் தெரியும். ஆனால் ஒரு சாதனம் தன் பரம்பரையில் இல்லாத இன்னொரு சாதனத்தின் மின்சாரத்தையோ கடிகாரத் துடிப்பையோ நம்பியிருந்தால், அதை டிரைவர் எழுதியவர் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் நாற்பது தடவை வரிசை தற்செயலாகச் சரியாக அமையும், நாற்பத்தொன்றாவது தடவை மாறும். இணையாகத் தூங்குவதை அணைக்க பிஎம்_அசிங்க் என்ற கோப்பில் 0 எழுதினால் போதும். அப்படிச் செய்ததும் பிழை மறைகிறது என்றால் சொல்லாமல் விட்ட உறவு ஏதோ ஒன்று இருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். அதை அப்படியே 0-வில் விட்டுவிட்டு "சரி ஆயிடுச்சு" என்று போகிறவர்கள் உண்டு. அது தீர்வு ஆகாது, துப்பு மட்டுமே.

டிரைவர் சறுக்கும் இடங்கள்

எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் முடியாது. அடிக்கடி வருபவை இவை.

1. மறந்துபோன நிலை. மின்சாரம் போன சாதனத்தின் ரெஜிஸ்டர்கள், அதாவது அதன் உள்ளே இருக்கும் அமைப்புப் பெட்டிகள், பிறந்த நிலைக்குத் திரும்பிவிடும். தூங்கும் முன் குறித்து வைத்து, எழுந்ததும் திரும்ப எழுத வேண்டும். ஒன்றை விட்டுவிட்டாலும் லேசான தூக்கத்தில் சாதனத்தின் மின்சாரம் பல நேரம் துண்டிக்கப்படாததால் பிழை தெரியாமலே இருக்கும், எஸ்3-ல் மாட்டிக்கொள்ளும்.

2. அகாலத்தில் தட்டும் கதவு. ஒரே இன்டெரப்ட் கம்பியை இரண்டு சாதனங்கள் பகிரும்போது, பக்கத்துச் சாதனம் தட்டினாலும் நம் டிரைவர் "எனக்கா?" என்று தன் சாதனத்தை வாசித்துப் பார்க்கும். பிசிஐ சாதனம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அந்த வாசிப்புக்குக் கிடைக்கும் பதில் எல்லா பிட்டும் 1. அதை உண்மையான நிலை என்று நம்பிய டிரைவர், எல்லா வேலையும் ஒரே நேரத்தில் வந்துவிட்டதாக நினைத்துச் சுழன்றுகொண்டே இருக்கும். வெளியே பார்ப்பவருக்கு அதுதான் கறுப்புத் திரை.

3. அடங்காத பின்னணி வேலை. சாதனம் தூங்கிய பிறகும் டிரைவர் வைத்த டைமர் ஒன்று ஓடி வந்து அதைத் தொடுவது.

4. ஃபர்ம்வேர் தேடல். எழுந்த உடனேயே சாதனத்துக்கான ஃபர்ம்வேர் கோப்பை, அதாவது சாதனத்துக்குள்ளேயே ஓடும் நிரலை, டிஸ்க்கில் தேடப் போவது. அந்த நேரத்தில் டிஸ்க்கே எழுந்திருக்காமல் இருக்கலாம். முன்கூட்டியே ரேமில் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

5. மறுப்பு வழி. நூறு சாதனங்களில் தொண்ணூறாவது சாதனம் "என்னால் இப்போது தூங்க முடியாது" என்று பிழை திருப்பினால், ஏற்கெனவே தூங்கிய எண்பத்தொன்பதையும் எழுப்பியாக வேண்டும். இந்த வழியை யாரும் சோதிப்பதே இல்லை என்பது என் கருத்து, ஏனென்றால் எல்லாம் நன்றாக இருக்கும்போது இது நடக்காது. நடக்கும்போது லேப்டாப் தூங்காமல் பைக்குள்ளேயே சூடாகிக்கொண்டு மேட்டுப்பாளையம் வரை வரும்.

ஒரு வளைவு போய்த் திரும்பு

பிரேக் மாற்றிய வண்டியை எடுத்துக்கொண்டு யாரும் நேராகக் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்குவதில்லை. ஒரு வளைவு இறங்கி, நிறுத்தி, திரும்பி வந்து பார்ப்பார்கள். லினக்ஸ் கர்னலில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது: பவர் பகுதியில் உள்ள பிஎம்_டெஸ்ட் கோப்பு. அதில் ஒரு கட்டத்தின் பெயரை எழுதிவிட்டுத் தூங்கச் சொன்னால், கர்னல் அந்தக் கட்டம் வரை மட்டும் போய், வழக்கமாக 5 விநாடி நின்று, தானாகவே திரும்பி வரும். ரூட் அனுமதி, அதாவது நிர்வாகி உரிமை, வேண்டும், கர்னலும் மின்சிக்கனச் சோதனை வசதியோடு தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். கட்டங்கள் ஐந்து.

1. ஃப்ரீசர்: நிரல்களை உறைய வைத்துத் திரும்புவது மட்டும். இதிலேயே தோற்றால் உறைய மறுக்கும் நிரல் எது என்று கர்னல் லாகில், அதாவது நடப்பதை அது குறித்து வைக்கும் பதிவில், பெயர் நிற்கும்.

2. டிவைசஸ்: அதோடு சாதனங்களையும் தூங்க வைத்து எழுப்புவது. டிரைவர் எழுதுபவருக்கு முக்கியமான படி இதுதான். பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் விழும்.

3. பிளாட்ஃபார்ம்: பயாஸுக்கான முன்னறிவிப்புகளும் சேர்த்து.

4. புரோசஸர்ஸ்: கூடுதல் கோர்களை நிறுத்தித் திரும்புவதும் சேர்த்து.

5. கோர்: கர்னலின் அடிப்படை உறுப்புகளும் அடங்கித் திரும்புவது. இதற்கு அடுத்து மிச்சம் இருப்பது உண்மையான தூக்கம் ஒன்றுதான்.

இரண்டாவது கட்டத்தில் தொங்கிவிட்டால் எந்த டிரைவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கர்னல் ஆவணங்களே சொல்லும் வழி எளிமையானது: ஏற்றியிருக்கும் மாட்யூல்களில் (கர்னலோடு தேவைக்கேற்ப ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டுகள்) பாதியை இறக்கிவிட்டு மறுபடி சோதிப்பது. தேறினால் இறக்கிய பாதியில் குற்றவாளி, தேறாவிட்டால் மிச்சப் பாதியில். அறுபது மாட்யூல் இருந்தால் ஆறு சுற்றில் பெயர் தெரிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே முறை பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவக் கூடாது, பல தடவை ஓட விட வேண்டும்.

இந்தச் சோதனைக்கு ஒரு குறையும் உண்டு, அதைத் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். 5 விநாடி நின்று திரும்பும் ஒத்திகையில் பல சாதனங்களின் மின்சாரம் உண்மையில் துண்டிக்கப்படுவதே இல்லை. ஆகவே மேலே சொன்ன முதல் வகைப் பிழை, நிலை மறந்துபோவது, இதில் சிக்காமல் தப்பலாம். பிஎம்_டெஸ்டின் டிவைசஸ் கட்டத்தில் தோற்றால் பெரும்பாலும் டிரைவர் தவறு என்று சொல்லலாம். தேறினால் அடுத்த சோதனைக்குத் தகுதி பெற்றது என்று மட்டும் சொல்லலாம்.

ஹைபர்னேட்டை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள்

கர்னலின் மின்சிக்கனப் பகுதியைப் பல ஆண்டுகளாகப் பராமரிப்பவர் ரஃபேல் விசோட்ஸ்கி. டிரைவர்களின் தூக்கத்தைச் சோதிப்பது பற்றி அவர் 2007-ல் எழுதிய சிறு ஆவணம் இன்றும் கர்னலோடு வருகிறது. அதன் வரிசை முதலில் பார்ப்பவருக்கு விசித்திரமாகப் படும்: முதலில் ஹைபர்னேட், அதுவும் டிரைவரை மாட்யூலாக ஏற்றி ஒரு தடவை, கர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்து இன்னொரு தடவை; அதன் பிறகே ரேமுக்குத் தூங்குவது.

இதில் காரணம் இல்லாமல் இல்லை. ஹைபர்னேட்டிலிருந்து எழும்போது இரண்டு கர்னல்கள் வருகின்றன. முதலில் சாதாரணமாக பூட் ஆகும் ஒரு கர்னல். அது டிஸ்க்கில் இருக்கும் பிம்பத்தை ரேமில் ஏற்றிவிட்டு, "இனி நீ பார்த்துக்கொள்" என்று பழைய கர்னலிடம் ஒப்படைக்கும். டிரைவர் மாட்யூலாக இருந்தால் பூட் ஆன கர்னல் பெரும்பாலும் அதை ஏற்றியிருக்காது, சாதனம் பயாஸ் விட்ட நிலையிலேயே இருக்கும். கர்னலுக்குள்ளேயே இருந்தால் அந்தப் புதுக் கர்னல் சாதனத்தை எழுப்பித் தன் விருப்பப்படி அமைத்திருக்கும். ஆக, பழைய கர்னலின் டிரைவர் கண் விழிக்கும்போது தன் சாதனம் எந்த நிலையில் இருக்கிறது என்று அதற்கே தெரியாது. ஊருக்குப் போய்விட்டு வந்தால் வீட்டில் வேறு யாரோ குடியிருந்து சாமான்களை இடம் மாற்றி வைத்த மாதிரி. இரண்டு நிலையையும் சமாளிக்கிற டிரைவர்தான் உறுதியானது.

பிம்பத்தை டிஸ்க்கில் எழுதி முடித்ததும் என்ன செய்வது என்பதைப் பவர் பகுதியில் உள்ள டிஸ்க் என்ற கோப்பில் தேர்ந்தெடுக்கலாம்: ரீபூட், ஷட்டவுன், பிளாட்ஃபார்ம். முதல் இரண்டும் பயாஸின் தயவை அதிகம் நம்பாதவை. அவற்றில் தேறிப் பிளாட்ஃபார்மில் தோற்றால் சந்தேகம் பயாஸ் பக்கம் திரும்பும்.

இதைச் செய்து பார்க்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் பூட் செய்ய விடும் பாதுகாப்பு) போட்ட இயந்திரங்களில் பல லினக்ஸ் வகைகள் ஹைபர்னேட்டையே தடுத்து வைத்திருக்கும். "என் லேப்டாப்பில் வரவில்லை" என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம். அடுத்தது இன்னும் முக்கியம்: விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள், 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் காலத்திலிருந்தே நம் ஊரில் இரண்டையும் பார்த்துப் பழகியவர்கள் நிறைய, ஒன்று ஹைபர்னேட்டில் இருக்கும்போது மற்றதில் பூட் செய்து முதலாவதன் பார்ட்டிஷனில் எழுதவே கூடாது. தரவு கெட்டுப்போகும். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் உள்ளே ஒரு பாதி ஹைபர்னேட்தான்.

மலையில் இருக்கிற நிலவரத்தோடு சோதிப்பது

மேசையில் சார்ஜர் செருகி, வைஃபை முழுக் கோடும் காட்டி, வேறெதுவும் ஓடாத இயந்திரத்தில் ஒருமுறை மூடித் திறப்பது சோதனையில் கடைசித் தரம். உண்மையில் என்ன நடக்கிறது? மூடும்போது கரண்ட் இருக்கிறது, திறக்கும்போது இல்லை. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காமல் ஜன்னலோரம் நீட்டி வைத்த டேட்டா டாங்கிளைத் தூக்கத்தின் நடுவே யாரோ பிடுங்கி வேறு துளையில் செருகிவிட்டார்கள். ஒரு டிரைவர் மாற்றத்தை இப்படியெல்லாம் பார்க்க வேண்டும்:

1. சார்ஜரோடு தூங்கி, நடுவில் கழற்றி, பேட்டரியில் எழுப்புவது; பிறகு மறுதிசையில்.

2. தூங்கும்போது சாதனத்தைப் பிடுங்குவது, வேறொன்றைச் செருகுவது. எழுந்த டிரைவர் இல்லாத சாதனத்திடம் பேசப் போய்த் தொங்குகிறதா என்று பார்ப்பது.

3. சாதனம் வேலையில் இருக்கும்போது தூங்க வைப்பது. பாட்டு ஓடும்போது, பெரிய கோப்பு டவுன்லோடு ஆகும்போது, வீடியோ அழைப்பின் நடுவில்.

4. தூங்கப்போகிற அந்த ஓரிரு விநாடிக்குள்ளேயே விழிக்கச் சொல்லும் சிக்னல் வருவது. மூடியைச் சாத்திய கையோடு திறப்பதுதான் இதற்கு எளிய வழி. இதில் விழிப்பு சிக்னல் தொலைந்துபோகும் டிரைவர்கள் உண்டு.

5. இது எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் செய்வது.

ஐந்தாவதற்குக் கை வலிக்க வேண்டியதில்லை. யூட்டில் லினக்ஸ் தொகுப்பில் வரும் ஆர்டிசிவேக் என்ற கட்டளை, இயந்திரத்தைத் தூங்க வைத்துக் கடிகாரத்தில் அலாரமும் வைத்துவிடும். சொன்ன விநாடியில் தானாக எழும். அதை ஒரு சிறு ஸ்கிரிப்டில் போட்டு, 30 விநாடித் தூக்கம், 30 விநாடி விழிப்பு என்று ராத்திரி முழுக்க ஓடவிட்டால் எட்டு மணி நேரத்தில் 480 சுற்று ஆகும். ஐம்பதில் ஒன்று தோற்கும் பிழை அதில் தப்பிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். தூங்கும் நேரத்தை மாற்றி மாற்றி வைப்பது நல்லது, ஹைபர்னேட்டையும் இடையிடையே கலக்க வேண்டும். ஒன்றிலிருந்து எழுந்த நிலையில் மற்றொன்றுக்குப் போகும்போது மட்டும் தலை காட்டும் பிழைகள் இருக்கின்றன.

எழவே இல்லை என்றால்

இங்கேதான் டிரைவர் சோதிப்பவர்கள் தலையில் கை வைப்பது. திரை எழவில்லை, டிஸ்க் எழவில்லை, நெட்வொர்க்கும் இல்லை. பிழைச் செய்தியை எங்கே எழுதுவது? அணைத்து ஏற்றினால் ரேமில் இருந்த லாகும் போய்விடும்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2006-ல் எழுதிய பிஎம்_டிரேஸ் இதற்கு ஒரு குறும்பான விடை. அந்த நிலையிலும் எழுத முடிகிற, அணைத்து ஏற்றினாலும் அழியாத ஒரே இடம் மதர்போர்டில் தனி பேட்டரியோடு ஓடும் கடிகாரம். எனவே ஒவ்வொரு சாதனத்தை எழுப்பும்போதும் அதன் பெயரையும் நிரலில் எந்த இடம் என்பதையும் ஒரு சிறு எண்ணாகச் சுருக்கி, அதைத் தேதியும் நேரமும் போலக் கடிகாரத்திலேயே எழுதிவிடுகிறது. இயந்திரம் தொங்கியதும் உடனே அணைத்து ஏற்ற வேண்டும், தாமதித்தால் கடிகாரம் ஓடி எண் மாறிவிடும். மீண்டும் எழுந்த கர்னல் அந்த எண்ணைப் படித்து, எந்தச் சாதனத்தோடு பொருந்துகிறது என்று லாகில் சொல்லும். கடைசியாகத் தொட்ட சாதனம் அதுதான். ஒரே எண் இரண்டு மூன்று சாதனங்களுக்குப் பொருந்தலாம் என்பதால் அதைத் தீர்ப்பு என்று கொள்ளாமல், மாட்யூலை இறக்கிவிட்டு மறுபடி பார்ப்பது முறை.

விலையும் உண்டு. இயந்திரத்தின் தேதி தாறுமாறாகிவிடும், சோதனை முடிந்ததும் சரிசெய்யாவிட்டால் பாதுகாப்பான இணையதளங்கள் எல்லாம் "சான்றிதழ் செல்லாது" என்று கதவைச் சாத்தும். தவிர, இந்தச் சோதனை ஓடும்போது சாதனங்கள் இணையாகத் தூங்குவது நிறுத்தப்படுகிறது. ஆகவே வரிசைக் குழப்பத்தால் வரும் பிழை இதில் வராமலே போகலாம்.

தொங்காமல் மெதுவாக மட்டும் எழும் இயந்திரத்துக்கு இது வேண்டாம். பூட் செய்யும்போது இனிட்கால்_டீபக் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் எந்தச் சாதனம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று லாகில் வரும். இன்டெல் வெளியிட்ட ஸ்லீப்கிராஃப் என்ற கருவி அதையே படமாக வரைந்து காட்டும்.

தூங்கியது சரி, மிச்சம் ஆனதா?

மின்சிக்கன மாற்றத்தைப் போட்டுவிட்டு மின்சாரத்தை அளக்காமல் விடுவது அதிகம் நடக்கிறது. லேசான தூக்கத்தில் இது பெரிய பொறி: திரை அணைந்திருக்கும், விளக்கு சிமிட்டும், ஆனால் ஏதோ ஒரு சாதனம் அடங்க மறுப்பதால் புரோசஸர் ஆழ்ந்த நிலைக்குப் போகவே முடியாமல் இருக்கும். வெளியே பார்த்தால் தூக்கம், உள்ளே பாதி விழிப்பு.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். 50 வாட்-மணி பேட்டரியில், தூக்கத்தில் அரை வாட் செலவானால் 100 மணி நேரம் தாங்கும், நான்கு நாளுக்கும் மேல். அதே இயந்திரம் தூக்கத்தில் 3 வாட் குடித்தால் பதினாறு, பதினேழு மணி நேரம்தான். மாலை மழையில் கரண்ட் போய், மறுநாள் மத்தியானம் திறந்தால் பேட்டரி காலி.

அளப்பது கடினமில்லை. தூங்கும் முன் பேட்டரியின் மிச்சத்தைக் குறித்துக்கொண்டு, சார்ஜர் இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் தூங்க வைத்து, எழுந்ததும் மறுபடி குறிக்க வேண்டும். பத்து நிமிடத் தூக்கத்தில் அளந்தால் பேட்டரி மீட்டரின் தடுமாற்றமே கணக்கைக் கெடுத்துவிடும். பழைய கர்னலிலும் புதியதிலும் ஒரே மாதிரி அளந்தால்தான் ஒப்பிட முடியும். விழித்திருக்கும்போது எந்தச் சாதனம் அடங்காமல் இருக்கிறது என்று பார்க்கப் பவர்டாப் என்ற கருவி உதவும். நீண்ட மின்வெட்டுக்குப் பயப்படுபவர்கள், கொஞ்ச நேரம் ரேமில் தூங்கிவிட்டுப் பிறகு தானாக டிஸ்க்குக்குப் போகும் சிஸ்டம்டியின் (பல லினக்ஸ் வகைகளில் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) ஏற்பாட்டைப் பயன்படுத்தலாம், ஹைபர்னேட் அந்த இயந்திரத்தில் ஒழுங்காகத் தேறியிருந்தால் மட்டும்.

விழித்திருக்கும்போதே கண்ணயரும் சாதனங்கள்

ரன்டைம் மின்சிக்கனத்தின் பிழைகள் சத்தம் போடாதவை. கர்னல் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு எண்ணிக்கை வைத்திருக்கிறது: பயன்படுத்த எடுக்கும்போது ஒன்று கூடும், விடும்போது ஒன்று குறையும், சுழியம் ஆனால் சாதனம் தூங்கலாம். டிரைவர் எங்காவது கூட்டிவிட்டுக் குறைக்க மறந்தால் சாதனம் என்றைக்கும் தூங்காது. யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், பேட்டரி மட்டும் சீக்கிரம் தீரும். அதிகமாகக் குறைத்துவிட்டால் பயன்பாட்டின் நடுவிலேயே சாதனம் தூங்கிவிடும்.

இதில் பல டிரைவர்கள் விழுந்த குழி ஒன்று உண்டு. சாதனத்தை எழுப்பச் சொல்லும் பழைய அழைப்பு, எழுப்புவதில் தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். "தோற்றுவிட்டதே, பிறகென்ன குறைப்பது" என்று நினைத்துத் திரும்பிய டிரைவர்கள் எல்லாம் எண்ணிக்கையைக் கசிய விட்டன. தோற்றால் தானே குறைத்துக்கொள்ளும் புது அழைப்பு 2020-ல் வந்த 5.10 பதிப்பில் சேர்ந்தது. இதைச் சோதிக்க, சாதனத்தின் பவர் அடைவில் கன்ட்ரோல் என்ற கோப்பில் ஆட்டோ என்று எழுதிவிட்டு, சாதனத்தைப் பயன்படுத்தி, விட்டு, நிலைக் கோப்பு தூக்கம் என்று மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆன் என்று எழுதினால் அது தூங்கவே தூங்காது. ஆனில் சரியாகவும் ஆட்டோவில் தகராறாகவும் இருந்தால் ஆய்வு அங்கிருந்து தொடங்கும்.

எந்த மாற்றம் என்று சுட்டிக்காட்டுவது

கர்னல் உலகில் முன்பு ஓடியது புதுப் பதிப்பில் ஓடாமல் போவதை ரிக்ரெஷன் என்பார்கள், அதற்கு மற்ற பிழைகளைவிட முன்னுரிமை உண்டு. புகார் அனுப்பும்போது "எழவில்லை" என்று மட்டும் எழுதினால் பதில் வருவது அரிது. வேலை செய்த கடைசிப் பதிப்பு எண், செய்யாத முதல் பதிப்பு எண், எந்த வகைத் தூக்கம், பிஎம்_டெஸ்டில் எந்தக் கட்டம் வரை தேறுகிறது, பத்தில் எத்தனை முறை தோற்கிறது, லேப்டாப்பின் மாடல், லாக்: இவ்வளவும் வேண்டும்.

நேரமும் பொறுமையும் இருந்தால் குற்றவாளி மாற்றத்தையே பிடிக்கலாம். நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியின் பைசெக்ட் கட்டளை, மாட்யூல்களைப் பாதியாகப் பிரித்த அதே வித்தை, இங்கே மாற்றங்களின் மேல். இரண்டு பதிப்புக்கு இடையே பத்தாயிரம் மாற்றம் இருந்தாலும் பதினான்கு தடவை தொகுத்துப் பார்த்தால் ஒன்றில் வந்து நிற்கும். சில தடவை மட்டும் தோற்கும் பிழைக்கு இதில் கவனம் தேவை: ஒரு சுற்றில் ஒரே ஒருமுறை எழுந்ததை வைத்து "இது நல்லது" என்று சொல்லிவிட்டால், மிச்சம் இருக்கும் எல்லாப் படிகளும் தப்பான பாதிக்குள் தேடிக்கொண்டிருக்கும். ஐம்பதில் ஒன்று தோற்கிற பிழை என்றால் ஒவ்வொரு படியிலும் குறைந்தது இருநூறு சுற்றாவது ஓடவிட்டுத்தான் நல்லது என்று குறிக்க வேண்டும். படி ஒன்றுக்கு மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அதற்கு மேல் கர்னலைத் தொகுக்கும் நேரம் வேறு, இத்தனையும் கரண்ட் போகாமல் இருந்தால்.

அதுவரை வேலை நடக்க வேண்டுமே என்றால், பூட் ஆகும்போது எந்தக் கர்னல் என்று கேட்கும் கிரப் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான லினக்ஸ் வகைகள் முந்தைய பதிப்பு ஒன்றையாவது அழிக்காமல் வைத்திருக்கும்.